லாபம் இருக்கு, காசு எங்கே? பண்ருட்டி முந்திரி மூட்டைக்குள் ஒரு தொழில் கணக்கு

கடையில் வாங்கும் முந்திரி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் 'டபிள்யூ 320' என்று அச்சிட்டிருக்கும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடைக்கு சுமார் 300 முதல் 320 முழுப் பருப்புகள் நிற்கும் என்பது அதன் பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. 240, 210 என்று போய் 180-ல் நிற்பதுதான் உச்சம். வியாபாரிகள் அதை முந்திரிகளின் ராஜா என்பார்கள்.

அந்த பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில் ஒன்று கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி. பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர் என்றாலும், பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் பக்கம் வருஷம் முழுக்க ஓடுவது முந்திரித் தொழில்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை உடைப்பவர்கள் முதல் பாய்லர், டிரையர் வைத்த ஆலைகள் வரை எல்லா அளவிலும் இங்கே யூனிட்டுகள் உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாதக் கணக்கு போட்டால் லாபம் வரும். அதே மாதம் உரிமையாளர் இரண்டு வட்டிக்குக் கடன் தேடிக்கொண்டிருப்பார். எப்படி? செலவு, வருவாய், நிதி என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயமாகச் சொல்லும் மூன்று விஷயங்களும் ஒரே முந்திரி மூட்டைக்குள் முட்டிக்கொள்வதுதான் காரணம்.

ஒரு மூட்டை, 80 கிலோ

முந்திரி வியாபாரத்தின் அளவுகோல் 80 கிலோ மூட்டை. உலகம் முழுக்கவே கொட்டையின் தரத்தை 'ஒரு மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு' என்றுதான் பேசுகிறார்கள். 46 பவுண்டு வந்தால் நடுத்தரம். கிலோவில் அது ஏறக்குறைய 21. மீதி 59 கிலோ ஓடு, மேல்தோல், ஈரம்.

கணக்குக்காக ஒரு சிறு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் புரிவதற்காக வைத்த மாதிரி எண்கள், இன்றைய சந்தை விலை அல்ல.

கொட்டை கிலோ 130 ரூபாய் என்றால் மூட்டைக்கு 10,400. அதை வேகவைக்க வேண்டும், ஆறவைக்க வேண்டும், உடைக்க வேண்டும், பருப்பை டிரையரில் காயவைத்து மேல்தோல் உரிக்க வேண்டும், ரகம் பிரித்து டின்னில் அடைக்க வேண்டும். உடைப்பதும் உரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் கையில் விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். கூலி, எரிபொருள், கரண்ட், டின், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து மூட்டைக்கு 2,200 என்று வைப்போம். மொத்தம் 12,600.

இதுதான் மாறும் செலவு. பத்து மூட்டை உடைத்தால் பத்து மடங்கு, உடைக்காவிட்டால் பூஜ்யம். இதில் 80 சதவீதத்துக்கு மேல் கொட்டை விலையே என்பதைக் கவனியுங்கள். கூலியைக் கசக்கி லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள்.

இப்போது வருவாய். 21 கிலோவும் ஒரே விலைக்குப் போகாது. 14 கிலோ முழுப் பருப்பு கிலோ 720-க்கு என்றால் 10,080. இரண்டாகப் பிளந்த பருப்பு 4 கிலோ, 620 வீதம் 2,480. பாயசத்துக்கும் ஸ்வீட் கடைக்கும் போகும் உடைசல் 3 கிலோ, 480 வீதம் 1,440. கூட்டினால் 14,000. ஓடும் வீண் இல்லை; அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் பெயின்ட், வண்டி பிரேக் லைனிங் தயாரிப்புக்குப் போகிறது. ஓடு, மேல்தோல் விற்று 500 என்று வைத்தால் மூட்டைக்கு வருவாய் 14,500.

செலவு 12,600 போக மிச்சம் 1,900 ரூபாய். இதை உடனே லாபம் என்று சொல்லிவிடக் கூடாது.

50 மூட்டைக்கு முன்னாடி எல்லாம் வாடகைக்கே

மூட்டை உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் செலவுகள் உண்டு. ஷெட் வாடகை, மேஸ்திரி சம்பளம், கரண்ட்டின் நிலைக்கட்டணம், இன்சூரன்ஸ், இயந்திரக் கடனுக்கான இ.எம்.ஐ. இந்த நிலையான செலவு மாதம் 95,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். (இ.எம்.ஐ.யில் அசல் திரும்பும் பகுதியை ஆடிட்டர் செலவாக எழுத மாட்டார். ஆனால் கையை விட்டுப் போகும் காசு காசுதான் என்பதால் இங்கே சேர்த்தே கணக்கிட்டிருக்கிறோம்.)

மூட்டைக்கு 1,900 வீதம் 95,000-ஐ எடுக்க 50 மூட்டை உடைக்க வேண்டும். 50-வது மூட்டை வரை உரிமையாளருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தப் புள்ளியைத்தான் சமநிலைப் புள்ளி என்கிறார்கள். மாதம் 80 மூட்டை ஓட்டும் யூனிட்டுக்கு அதற்கு மேல் 30 மூட்டை. 57,000 ரூபாய் மிச்சம்.

பரவாயில்லையே என்று தோன்றும். இரண்டே இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

உடைக்கும்போது பதம் தவறி, முழுப் பருப்பு 14 கிலோவுக்கு பதில் 12 கிலோ வருகிறது. அந்த 2 கிலோ உடைசலாகிறது. எடை அதேதான், ஆனால் மூட்டைக்கு 480 ரூபாய் போச்சு. சமநிலைப் புள்ளி 50-லிருந்து 67-க்குத் தாவிவிடும். கைதேர்ந்த உடைப்பாளிக்கு ஆலைகள் ஏன் அவ்வளவு மரியாதை தருகின்றன என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

அடுத்தது கொட்டை விலை. கிலோவுக்கு வெறும் 10 ரூபாய் ஏறினால் மூட்டைக்கு 800 கூடுதல். மிச்சம் 1,100 ஆகச் சுருங்கும். 80 மூட்டைக்கு 88,000. நிலையான செலவு 95,000. மாதம் 57,000 லாபம் பார்த்த அதே யூனிட், அதே ஆட்கள், அதே உழைப்பு, 7,000 நஷ்டம்.

அந்தப் 10 ரூபாயை முடிவு செய்வது பண்ருட்டி மட்டும் அல்ல. உள்ளூர் அறுவடை முடிந்தபின் யூனிட்டுகள் ஓடுவது பெரும்பாலும் ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் கொட்டையில்தான். அதனால் டாலர் விலை, கப்பல் கட்டணம், சுங்க வரி மூன்றும் நேராக மூட்டைக்குள் வந்து உட்காரும். 2016 மத்திய பட்ஜெட்டில் கொட்டை இறக்குமதிக்கு 5 சதவீத அடிப்படை வரி வந்தது. தொழில்துறை கூச்சலிட்டபின் 2018-ல் 2.5 சதவீதமாகக் குறைந்தது. இத்தனை மெல்லிய மார்ஜினில் 2.5 சதவீதம் என்பது சின்ன எண் இல்லை. போதாததற்கு, இயந்திரத்தால் உடைக்கும் வியட்நாமும் அதே கொட்டைக்கு அதே சந்தையில் போட்டி போடுகிறது.

அப்போ காசு எங்கே போச்சு?

விலை ஏறவில்லை, பருப்பும் உடையவில்லை என்றே வைப்போம். மாதம் 57,000 வருகிறது. பிறகு ஏன் கடன்?

மரம் காலண்டர் பார்த்துத்தான் காய்க்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை சந்தைக்கு வருவது ஏறக்குறைய மார்ச் முதல் மே வரை. அப்போதுதான் நல்ல கொட்டை, நியாயமான விலை. ஆனால் பருப்பு விற்பது வருஷம் முழுக்க. தீபாவளி சமயத்தில் அதிகம். மாதம் 80 மூட்டை என்றால் ஆண்டுக்கு 960. மூட்டை 10,400 வீதம் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். அதில் பாதியை மட்டும் சீசனில் வாங்கிப் போட்டால்கூட 50 லட்சம் மே மாதத்தில் குடோனில் மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கும்.

அந்த 50 லட்சம் நஷ்டம் இல்லை. செலவு என்றுகூடச் சொல்ல முடியாது, சரக்கு. ஆனால் அதை வைத்து சனிக்கிழமை கூலி கொடுக்க முடியாது. லாப நஷ்டக் கணக்கில் இந்தத் தொகை எங்கேயும் வலிக்காது. பணப்புழக்கத்தில் மட்டும் நெஞ்சை அடைக்கும். இப்படிச் சரக்கிலும் பாக்கியிலும் மாட்டிக்கொண்டு சுழலும் பணத்துக்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர். தொழில் தொடங்கும் பலர் இயந்திரத்துக்குப் பணம் தேடுவதிலேயே களைத்துப்போய், இதை மறந்துவிடுகிறார்கள்.

வங்கி எவ்வளவு தரும்?

வங்கிக் கடனில் இரண்டு ஜாதி. இயந்திரம், ஷெட் போன்றவற்றுக்குத் தருவது காலக்கடன். ஐந்தாறு வருஷத்தில் இ.எம்.ஐ.யாகத் திருப்ப வேண்டும். சரக்கு வாங்கத் தருவது சி.சி. அல்லது ஓவர் டிராஃப்ட். ஒரு வரம்பு கொடுப்பார்கள், எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்குத் திருப்பினால் சிக்கல் ஆரம்பம். கொட்டை வாங்க வைத்திருந்த சி.சி. பணத்தில் புது டிரையர் வாங்கினால் அடுத்த சீசனுக்குக் கை காலி.

சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனம் எவ்வளவு என்பதற்கு நாயக் கமிட்டி சொன்ன எளிய சூத்திரம் ஒன்று உண்டு: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று கொள், 20 சதவீதம் வங்கி தரட்டும், 5 சதவீதம் உரிமையாளர் போடட்டும். நம் யூனிட்டின் ஆண்டு விற்பனை சுமார் 1.39 கோடி. வங்கி 28 லட்சம், உரிமையாளர் 7 லட்சம். மொத்தம் 35.

தேவை 50. பள்ளம் 15 லட்சம்.

25 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் சுழன்று வந்துவிடும் என்று அர்த்தம். மளிகைக்கடைக்குப் பொருந்தும். ஆறு மாதக் கொட்டையை ஒரே சீசனில் வாங்கும் தொழிலுக்கு எப்படிப் பொருந்தும்? 20 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். சீசன் தொழில் என்று காட்டி, மாதவாரி கொள்முதல் விற்பனைப் பட்டியலோடு கூடுதல் வரம்பு கேட்க முடியும். பட்டியல் கொண்டுபோகாதவருக்கு மேனேஜர் சூத்திரத்தைத்தான் போடுவார்.

அந்த 15 லட்சம்

பள்ளத்தை நிரப்பும் வழிகள் ஊருக்கே தெரியும். வீட்டு நகை முதலில் போகும். நகைக்கடன் வட்டி ஓரளவு குறைவு என்பதால் அது மோசமான முடிவும் அல்ல. அதற்கும் மேல் போனால் தனியார் ஃபைனான்ஸ். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று பேச்சு. மாதத்துக்கு 2 என்பதால் வருஷத்துக்கு 24 சதவீதம். 15 லட்சத்துக்கு மாதம் 30,000. வங்கியின் 28 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றாலே மாதம் 23,000 சொச்சம். சரக்கு உச்சத்தில் நிற்கும் மாதங்களில் 57,000-ல் இரண்டும் போக மிஞ்சுவது 4,000-க்கும் குறைவு.

மூன்றாவது வழி வட்டி என்ற பெயரிலேயே வராது. பருப்பு வாங்கும் வியாபாரி 5 லட்சம் முன்பணம் தருகிறார். வட்டி வேண்டாம், சரக்கை எனக்கே கொடு, கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்துக்கொள் என்கிறார். கேட்க இதமாக இருக்கும். மாதம் 80 மூட்டைக்கு 1,680 கிலோ. 10 ரூபாய் வீதம் 16,800. ஐந்து லட்சத்துக்கு மாதம் 16,800 என்றால் வருஷத்துக்கு 40 சதவீதம்! இரண்டு வட்டிக்காரரே தேவலாம்.

நான்காவது, கொட்டையே வாங்காமல் இருப்பது. வியாபாரி கொட்டை தருவார், உடைத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இத்தனை என்று கூலி. விலை ஏறினாலும் இறங்கினாலும் யூனிட்டுக்குக் கவலை இல்லை; 50 லட்சம் தேவையும் இல்லை. பதிலுக்கு மார்ஜினின் பெரும்பகுதி வியாபாரிக்கு. இதைத் தோல்வி மாதிரி பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் இரண்டு சீசனுக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடைக்காது.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி ஆன்லைனில் சொந்த பிராண்டு தொடங்கும் இளைஞர்கள் ஐந்தாவது வழி ஒன்றை நம்புகிறார்கள்: நேரடி விற்பனை. கிலோ 720-க்கு மொத்தமாகக் கொடுக்காமல் பாக்கெட் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்பது. காசு முன்கூட்டியே வருவது உண்மையிலேயே பெரிய அனுகூலம். ஆனால் பாக்கெட், கூரியர், விளம்பரம், தளத்தின் கமிஷன் எல்லாம் மாறும் செலவில் வந்து சேரும். முழுப் பருப்பு மட்டும்தான் ஆன்லைனில் நன்றாகப் போகும், உடைசலுக்கு மறுபடியும் ஸ்வீட் கடைதான்.

மானியம் வருமே?

வரும். ஆனால் எதற்கு, எப்போது என்பதில்தான் குழப்பம்.

2015-ல் தொடங்கிய முத்ராவில் மானியம் கிடையாது. பிணை இல்லாத கடன். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருணில் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை. பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம், பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கு. 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியத்தோடு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். இவற்றுக்கு வாசல் மாவட்டத் தொழில் மையம்.

பி.எம்.இ.ஜி.பி. மானியம் கையில் கொடுக்கப்படுவதில்லை என்பது பலருக்குக் கடன் வாங்கியபின்தான் தெரியும். அது வங்கியில் மூன்று வருஷம் வைப்பாகக் கிடந்து, யூனிட் ஓடுகிறது என்று உறுதியானபின் கடனில் கழியும். ஆக, மே மாதக் கொட்டைக்கு அது உதவாது. மானியத்தை நம்பிக் கொட்டைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

வித்த பிறகும் வராத பணம்

பருப்பு விற்றதும் கதை முடியவில்லை. மொத்த வியாபாரி 30 நாள் தவணை கேட்பார். மாதம் 80 மூட்டை ஓட்டும் யூனிட்டுக்கு அது 11 லட்சத்துக்கு மேல் வெளியே நிற்பது. சரக்கில் மாட்டிய பணத்தோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டமும் இதையே வேறு கோணத்தில் பிடித்திருக்கிறது: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கும்வரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. யூனிட் உத்யம் பதிவு செய்திருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. பதிவு இலவசம். நிஜத்தில், வருஷக்கணக்காகச் சரக்கு எடுக்கும் வியாபாரி மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்பார் என்ற பயம் வியாபாரிக்கு இருக்கிறது. அது போதும் பல நேரம்.

கொல்லத்தில் என்ன நடந்தது?

இந்தியாவின் முந்திரித் தலைநகர் என்று பெயர் வாங்கியது கேரளத்தின் கொல்லம். கடந்த பத்தாண்டுகளில் அங்கே நூற்றுக்கணக்கான தனியார் ஆலைகள் மூடப்பட்டன. கொட்டை விலை ஏறியது, கூலி ஏறியது, வரி வந்தது, பருப்பு விலை அதே வேகத்தில் ஏறவில்லை. பல ஆலைகள் வங்கிக் கடனில் கொட்டை வாங்கிக் குவித்திருந்தன. விலை சரிந்ததும் குடோனில் இருந்த சரக்கின் மதிப்பு கடனைவிடக் கீழே போனது. கணக்குகள் வாராக்கடன் ஆயின. வேலை தெரியாத ஊர் இல்லை அது. தலைமுறை தலைமுறையாக உடைத்தவர்கள்.

பலா வேற ரகம்

பண்ருட்டியின் இன்னொரு பிள்ளை பலா. 2025-ல் முந்திரிக்கும் பலாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இரண்டின் பணச் சுழற்சியும் நேர் எதிர். மரத்தில் காய் பிடித்திருக்கும்போதே வியாபாரி மொத்தமாக விலை பேசி விவசாயிக்கு முன்பணம் தந்துவிடுவது வழக்கம். பழுத்ததும் லாரி ஏறும். சில நாளில் விற்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். குடோனில் பணம் தூங்காது. ரிஸ்க் வேறு வடிவத்தில் இருக்கிறது: வரத்து குவிந்த வாரத்தில் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

புயல் மட்டும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இந்தப் பகுதியின் முந்திரி, பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒட்டுமுந்திரி மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கினாலும் முழு மகசூலுக்கு மேலும் சில வருஷம். பலாவுக்கு அதைவிட அதிகம். அந்த இடைவெளியில் வருவாய் நின்றது, தவணை நிற்கவில்லை.

இப்போது யூனிட் வைத்திருப்பவர்கள் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள், சி.சி. கடனுக்கு வங்கியே கேட்கும். ஆனால் பாலிசித் தொகையை எந்த மாதத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். குடோனில் 50 லட்சத்துக்குக் கொட்டை இருக்கும்போது பாலிசி 25 லட்சத்துக்கு மட்டும் என்று வைப்போம். வெள்ளம் புகுந்து 10 லட்சம் சரக்கு நனைந்தால், பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, முழுசாக வரும் என்று நினைப்போம். இன்சூரன்ஸ் நிறுவனம் பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லி, பாதியை, அதாவது 5 லட்சத்தைத்தான் தரும்.